கலப்பைக் கிழங்கும் நீல நாற்காலியும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நடுநடுவே சிரிக்கிறாள். அதை எழுதாதே என்று சொல்லியிருக்கிறேன்.

ஏலகிரியில் கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போனபோது, காட்டோரப் புதரில் நெருப்புப் பிடித்த மாதிரி ஒரு பூ. செங்காந்தள் என்று பெரிய பேர் சொல்கிறார்கள். எங்களுக்குக் கலப்பைக் கிழங்கு. மண்ணுக்குள் கிழங்கு கலப்பை போலவே வளைந்து கிடக்கும். ஒன்றைத் தோண்டி மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். மகள் கொடுத்த பலாப்பழத்தை அங்கேயே மறந்துவிட்டேன். அதற்கு இன்னும் திட்டுகிறாள்.

ஆம்பூர் வீட்டுக்குப் பின்னால் நட்டதும் மகன் சிரித்தான்.

“தோல் பதனிடுற ஷாப் தண்ணி பாய்ஞ்ச மண்ணும்மா இது. முருங்கையே வரல. இதுல இன்னா வரும்? அதுவும் விஷக் கிழங்கு.”

“நானும் விஷந்தான்டா. இந்த ஊர்ல பொழைக்கல?”

முதல் வருஷமே பூத்தது. இலை நுனி விரல் மாதிரி சுருண்டு, துணிக்கொடியைப் பிடித்து ஏறி, மஞ்சளும் சிவப்புமாய் நின்றது. பிறகு காய்ந்து மண்ணோடு போயிற்று. அப்படித்தான் போகும், மழைக்குத் திரும்பி வரும். மகன் நம்பவில்லை. பின்பக்கம் முழுக்க சிமெண்ட் போட்டு பைக் நிறுத்த வேண்டுமாம்.

“செத்துப் போச்சு, விடும்மா.”

“படுத்திருக்குதுடா.”

“சரி, ஆடி முடியட்டும். மொளைக்கலன்னா சிமெண்ட்.”

கோடை மழையில் பின்பக்கம் தண்ணீர் நின்றது. கிழங்கு அழுகுமே என்று தோண்டி எடுத்தேன். அங்கேதான் என் கை கெடுத்தது. இருபது வருஷம் தோல் மண்டியில் பச்சைத் தோலுக்கு உப்புப் போட்ட கை. அழுகக்கூடாது என்று நினைத்ததுமே, தானாகக் கல்லுப்பை அள்ளித் தடவி சாக்கில் சுருட்டி வைத்துவிட்டது! மறுநாள் பக்கத்து வீட்டு ஆப்பா பார்த்தார். உருதுவில் அக்காவைத்தான் ஆப்பா என்பார்கள். நான் அவரை ஆப்பா என்பேன், அவர் என்னை அக்கா என்பார். யார் மூத்தவள் என்று இன்னும் முடிவாகவில்லை.

“இன்னாக்கா இது, ஆட்டுத் தோலா, ஊறுகாயா?”

அலறிக்கொண்டு கழுவினேன். கிழங்கில் ஒரு கிளை தோலாகவே சுருங்கிவிட்டது, உடைத்து எறிந்தேன். இன்னொன்று நுனியில் மட்டும் கெட்டியாக இருந்தது. பழைய இடத்திலேயே மேடு கட்டிப் புதைத்தேன். மகனிடம் மூச்சு விடவில்லை.

ஆடி முடிந்தது. ஒரு முளையும் இல்லை. கொத்தனார் வந்து கலவை குழைத்தார். நான் நீல பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போய் மேட்டின் மேல் போட்டு உட்கார்ந்தேன்.

“எந்திரிம்மா, பேஜார் பண்ணாத.”

“என்னையும் சேத்துப் பூசிட்டுப் போ.”

கொத்தனார் சாப்பிடப் போனார். நான் அசையவில்லை. ஆப்பா மதிலுக்கு மேலே சோறும் தால்ச்சாவும் நீட்டினார், உட்கார்ந்தபடியே தின்றேன். சாயங்காலம் மகன் தோற்றான். நாற்காலி அளவுக்கு மண்ணை விட்டுச் சுற்றிலும் பூசச் சொன்னான்.

சிமெண்ட் காய்ந்தும் நாற்காலியை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அந்த இடத்தையும் பூசிவிடுவான். பத்து நாள் போயிருக்கும். காலையில் பெருக்கப் போனால், நாற்காலிக்கு அடியில் பச்சையாய் ஒரு முளை! நான் ஆப்பாவைக் கூப்பிட்ட சத்தத்துக்குத் தெருவே வந்துவிட்டது. இப்போது இலை நுனிகள் நாற்காலிக் காலைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. மொட்டும் விட்டிருக்கிறது.

நேற்று விருந்தாளிகள் வந்தார்கள். மகன் உள்ளேயிருந்து கத்தினான்.

“அம்மா, ஒரு சேர் கம்மியா இருக்குது. பின்னாடி இருக்கிறத எடுத்துட்டு வா.”

“வேற பாருடா. அதுல ஆள் ஒக்காந்திருக்குது.”