ஒயருக்கு மூன்றில் ஒரு பங்கு

நாற்பது வயதுக்கு மேல் எனக்கு நல்ல ஒலியில் பாட்டுக் கேட்க ஆசை வந்தது. திருப்பதியிலிருந்து ஸ்ரீசிட்டிக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன் நான். பக்கத்து இருக்கை நண்பர் ஆடியோ விஷயத்தில் கரை கண்டவர். அவரிடம் யோசனை கேட்டது என் தப்பு.

"ஸ்பீக்கர் யார் வேணா வாங்கலாம் சார். கேபிள்லதான் விஷயமே. பட்ஜெட்ல மூணுல ஒரு பங்கு அதுக்கு ஒதுக்கிடுங்க" என்றார்.

மொத்தத் தொகை எவ்வளவு என்பதை என் மனைவி ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள். அது ஏறாது. எனவே கேபிள் தடிக்கத் தடிக்க ஸ்பீக்கர் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் வந்து சேர்ந்த ஸ்பீக்கர்கள் டிபன் கேரியர் உயரம். கேபிளோ சாரைப்பாம்பு கனம். நீல நூல் பின்னிய உறை, வெல்வெட் பை. இசை எந்தத் திசையில் போக வேண்டும் என்று அம்புக்குறி வேறு.

"பாட்டு ஒயர்ல வருதா, பொட்டில வருதா?" என்று மனைவி கேட்டாள். நண்பர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவள் முழுவதும் கேட்கவில்லை.

புதுக் கேபிள் பழக வேண்டுமாம். அதற்காகப் பத்து நாள், ஆளில்லாத வீட்டில் பகல் முழுக்க நாதஸ்வரம் ஓடியது. கீழ்வீட்டு ஓனரம்மா யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்தார்.

பிறகு நகரிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் நைனா டாக்டரிடம் கண் காட்ட வந்து, இரண்டு நாள் தங்கிவிட்டு ஊருக்குப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் வந்தார். சோபாவில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மிருதங்கத்துல ஒவ்வொரு விரலும் தனியா விழுது, கேக்குதா? இதான் கேபிள்."

எனக்கும் கேட்டது. சத்தியமாகக் கேட்டது. விரல்களை எண்ணக்கூட ஆரம்பித்தேன்.

"அம்புக்குறி சரியா இருக்கான்னு ஒரு தடவ பாத்துடுங்க" என்றார். ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்தேன். அங்கே திருவிழா சீரியல் செட் விளக்குகளுக்குப் போடும் சிவப்பும் மஞ்சளுமான முறுக்கு ஒயர் இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவர் கிளம்பியதும் நைனாவுக்கு போன் போட்டேன்.

"ஒயரா? நான்தான் எடுத்தாந்தேன் நைனா" என்றார் அவர். எங்கள் பக்கம் அப்பாவும் நைனாதான், மகனும் நைனாதான். "மாட்டுக் கொட்டாயில பல்பு வுட்டு வுட்டு எரிஞ்சிகினு இருந்துச்சு. அம்மாந்தடி ஒயரு பாட்டுப் பொட்டிக்கு இன்னாத்துக்கு? என் பையில புத்தூர்ல வாங்கனது கெடந்துச்சு, அத்த மாட்டிட்டேன். பாட்டு வருதுல்ல?"

"வருது."

"அப்பறம் இன்னா?"

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது கொட்டகையைப் பார்த்தேன். இரண்டு துண்டையும் சேர்த்து முறுக்கி, நீல உறையோடு உத்திரத்தில் ஓட்டியிருந்தார். பல்பு அசையாமல் எரிந்தது. அம்புக்குறி தலைகீழாக இருந்தது. மாடு குறை சொல்லவில்லை. நைனாவுக்கு அவ்வளவு பெருமை. திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் நண்பரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் அல்லது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். ஸ்ரீசிட்டி கேட் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"புத்தூர்ல எந்தக் கடைன்னு உங்க நைனாகிட்ட கேட்டுச் சொல்றீங்களா சார்? பழைய ஸ்டாக் காப்பரா இருக்கும். தீர்றதுக்குள்ள வாங்கிடணும்."