நாச்சிமுத்து செய்யாத தவறு

ஞாயிற்றுக்கிழமை காலை, மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தபோது டெக்சாஸ் எண்ணிலிருந்து போன் வந்தது. “அங்கிள், நான் நிவேதா. நாச்சிமுத்து பொண்ணு” என்றாள். அவள் எனக்குப் போன் செய்ததே இல்லை. “அப்பா போய்ட்டாங்க அங்கிள். நேத்து சாயங்காலம். ஹார்ட் அட்டாக். செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருந்தாங்க...” அதற்கு மேல் தமிழ் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் சொல்லி அழுதாள். பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான். கண்ணாடியை இறக்கி அவனைத் தமிழிலேயே திட்டினேன். அவனுக்குப் புரிந்திருக்காது. எனக்கு யாரையாவது திட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நியூ ஜெர்சியில் எங்கள் பார்சிப்பனி அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் நம் தமிழ்ச் சங்கத்தாருக்கும் நாச்சிமுத்துவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். என் வயதுதான். நாடு முழுவதிலும் உள்ள மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில், டாக்டரைப் பார்க்க நோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுத்து ஆண்டறிக்கை தயாரிப்பது எங்கள் குழுவின் வேலை. குழுவுக்கு நான் தலைவன். வந்து சேரும் எண்களை நம்பலாமா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. அவர் பெயர் அமெரிக்கச் சகாக்களின் வாயில் நுழையாமல் ‘நாச்சோ’ ஆகிவிட்டது. “திங்கற சாமான் பேருதானுங்க, நல்லாத்தான் இருக்குது” என்று சிரிப்பார்.

டாலஸுக்குப் பறந்து போனேன். சடங்கு நடந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் இடம் கிடைத்தது. நிவேதா எழுந்து அப்பாவைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினாள். நியூ ஜெர்சியில் வேலை பார்த்தபோது அப்பா ஒரு பெரிய தவறு செய்துவிட்டார், அதனால் ஓர் அறிக்கையையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று, ஆனால் அவர் யார் மேலும் பழி போடவில்லை, தவறை ஒப்புக்கொள்வது எப்படி என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன் என்றாள். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் துடைத்துக்கொண்டேன். நான் எழுந்து, ‘அம்மா, அந்தத் தவறு உன் அப்பா செய்தது இல்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு விமானம் ஏறி வந்துவிட்டேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நல்ல நாட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். “ஏனுங்க சேகர், இந்த ஆஸ்பத்திரில அத்தனை பேரும் சரியா பன்னெண்டு மணிக்கே டாக்டரப் பாத்திருக்காங்க. பந்தி போட்டாங்களாமா?” நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் அனுப்புவதைத்தானே நாம் போட முடியும் என்றேன். அவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். அங்கே வேலை நெருக்கடியில் நேரங்களை உடனுக்குடன் பதிவதில்லை, பிறகு மொத்தமாக ஏற்றுகிறார்கள், நேரம் எழுதும் கட்டத்தை நிரப்பாமல் விட்டால் கணினி தானாகவே பன்னிரண்டு என்று போட்டுக்கொள்கிறது என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எங்கள் குழுவில் சந்தேகத்துக்குரிய எண்ணுக்குப் பெயர் ‘பந்தி’. அமெரிக்கர்களும் ‘பாந்தி, பாந்தி’ என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

நாங்கள் எல்லோரும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்போம். அவர் மட்டும் போன்தான். மருத்துவமனை வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து பெயர் பதிகிற பெண்கள் பலரும் அவருக்குச் சிநேகம். ஒரு நாள் ஓர் அம்மாளிடம் போனில் அந்த அம்மாளின் முட்டிவலியைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஆபீஸ் நேரத்துல முட்டிய பத்தியா பேசுவீங்க?” என்று கத்தினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “முட்டி வலிக்குதுன்னா அந்தம்மா எந்திரிச்சுப் போய்ப் பாக்கமாட்டாங்கல்லங்க. உக்காந்த எடத்துல இருந்தே, டாக்டர் இந்நேரம் பாத்திருப்பாருன்னு எழுதிருவாங்க. அது நமக்குத் தெரியோணுமல்லங்க.” போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

மதியம் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். அவர் டப்பாவில் பாதி நாள் அரிசிம்பருப்புச் சாதம் இருக்கும். அதை மைக்ரோவேவில் வைத்ததும் பூண்டு மணம் மாடி முழுக்கப் பரவும். என்னுடைய தயிர் சாதத்தைப் பார்த்து, “இதென்னுங்க, காய்ச்சக்காரன் சாப்பாடு” என்று தன் டப்பாவிலிருந்து பாதியை என் தட்டில் தள்ளிவிடுவார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். கோபியின் வாய்க்கால், சென்னை பஸ், பிள்ளைகளின் கணக்குப் பாடம் என்று பேச்சு போகும். இருபது வருட அமெரிக்க வாழ்க்கையில் நான் வயிறு நிறையச் சிரித்ததெல்லாம் அந்த மேஜையில்தான்.

ஒரு நாள் அங்கேதான் அவர் தன் மனைவி தங்கமணியை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போன கதையைச் சொன்னார். “வயித்து வலிங்க அவளுக்கு. வாசல்ல எறக்கி, பேரப் பதிஞ்சு உக்கார வெச்சுப்போட்டு நான் கார பார்க் பண்ணப் போனேன். அந்த நேரம் பாத்து நர்ஸ் வந்து ‘நாச்சிமுத்து, நாச்சிமுத்து’ன்னு கூப்பிட்டிருக்குது. இங்க லாஸ்ட் நேம் சொல்லித்தானுங்க கூப்பிடுவாங்க? இவளுக்கு லாஸ்ட் நேம் என் பேரு. இவ என்ன பண்ணியிருக்கா தெரியுமுங்களா? என்னையத்தான் கூப்பிடறாங்கன்னு நெனச்சு, ‘ஹீ இஸ் பார்க்கிங்’னு சொல்லிப்போட்டு உக்காந்துட்டா!”

நான் சிரித்ததில் புரையேறிவிட்டது. நர்ஸ் தன் பங்குக்கு, நோயாளி டாக்டரைப் பார்க்காமலே போய்விட்டார் என்று பதிந்துகொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கிறாள். புருஷனும் பெண்டாட்டியும் மூன்று மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசியில் இவர் எழுந்து போய்க் கேட்டால், ‘நீங்கள்தான் போய்விட்டீர்களே’ என்கிறார்களாம். “அவங்க கண்ணு முன்னாடிதானுங்க உக்காந்திருக்கறோம்!” மறுபடி புதிதாகப் பெயர் பதிந்தார்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே கூப்பிட்டார்கள். பித்தப்பையில் கல். ஆபரேஷன் ஆகி அவர் மனைவி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தார்.

சிரித்து முடித்ததும் நாச்சிமுத்து டப்பாவை மூடினார். “நம்ம அறிக்கைல தங்கமணி எத்தன நேரம் காத்திருந்ததா வரும், சேகர்?” என்று கேட்டார். டாக்டரைப் பார்க்காமல் போனவர்களின் பதிவை நீக்கிவிட வேண்டும் என்பது நான் எழுதி வைத்திருந்த விதி. முடிந்த நேரமே இல்லாத காத்திருப்பை எப்படி அளப்பது என்பது என் வாதம். அதன்படி முதல் பதிவு போய்விடும். இரண்டாவது மட்டும் நிற்கும். “பத்து நிமிஷம்” என்றேன். “பத்து நிமிஷமுங்க” என்று அவரும் சொன்னார். சிரிக்கவில்லை.

அதன் பிறகு அவர் ஒரு வேலையில் இறங்கினார். ஒரே நாளில், ஒரே மருத்துவமனையில், போய்விட்டார் என்று ஒரு முறையும் புதிதாக வந்தார் என்று ஒரு முறையும் பதிவான ஆட்களைத் தேடி, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் இல்லை. காது கேட்காத கிழவர்கள், கழிவறைக்குப் போயிருந்தவர்கள், குழந்தைக்குப் பால் வாங்கப் போனவர்கள் என்று பலரும் இப்படிப் ‘போய்விட்டவர்கள்’ ஆகியிருந்தார்கள். சேர்த்ததும் காத்திருப்பு நேரங்கள் நீண்டன. காத்திருப்பு நேரத்தைக் குறைத்துவிட்டதற்காக அந்த வருட அறிக்கையில் நாங்கள் ஒரு பக்கம் ஒதுக்கிப் பாராட்டியிருந்த மருத்துவமனை, உண்மையில் எதையும் குறைத்திருக்கவில்லை.

அறிக்கை அந்த வெள்ளிக்கிழமை போக வேண்டும். “ரெண்டு வாரம் குடுங்க, பூராத்தையும் சேத்துப் பாத்துப்போடறேன்” என்றார். அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். “காலியா இருக்கற கட்டம் காலி இல்லீங்க சேகர். அங்க ஆள் உக்காந்திருக்குது” என்றார். எனக்குத் தெரியாதா, நீங்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்று சத்தம் போட்டேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. “அப்ப இந்த அட்டவணைல நான் பேர் போட முடியாதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு அட்டவணைக்கும் அடியில் ‘சரிபார்த்தவர்’ என்று ஓர் இடம் உண்டு. அங்கே பெயர் இல்லாமல் அறிக்கை போகாது. மற்ற எல்லா அட்டவணைகளிலும் அவர் பெயர் இருந்தது. இந்த ஒன்றில் அவர் பெயரை நானே தட்டிப் போட்டேன். இது ஒன்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

சில மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவமனை, தங்கள் கணக்கோடு உங்கள் கணக்கு ஒத்துவரவில்லை என்று எழுதிக் கேட்டது. தோண்டத் தோண்ட எல்லாம் வெளியே வந்தது. அறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். எங்கள் இயக்குநர் எல்லோரையும் அறையில் கூட்டி, இந்த அட்டவணையைச் சரிபார்த்தது யார் என்று கேட்டார். தாள் கைமாறி நாச்சிமுத்துவிடம் வந்தது. அவர் தாளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் கிரீன் கார்டு விண்ணப்பம் பாதி வழியில் நின்றிருந்தது. வேலை போனால் சில வாரங்களில் மூட்டை கட்ட வேண்டும். என் மகள் ஹைஸ்கூல் கடைசி வருடத்தில் இருந்தாள். இதெல்லாம் அவருக்குத் தெரியும், மதியச் சாப்பாட்டு மேஜையில் நான் புலம்பாத நாளில்லை. அவருக்கு அப்போதே கிரீன் கார்டு இருந்தது. அவர் ஆங்கிலத்தில், “இதில் என் பெயர்தான் இருக்கிறது” என்றார். ‘நான் சரிபார்த்தேன்’ என்று சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றும்போதும் அந்த மனிதர் ஒரு பொய்யான தகவலைத் தரவில்லை.

சரிபார்க்கும் வேலையிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். மறு வருடம் அவர் சொன்ன முறையையே அலுவலகம் ஏற்றுக்கொண்டது, இன்றும் அதுதான் நடைமுறை. ஆனால் அதற்குள் அவர் டாலஸ் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார். கிளம்புகிற அன்று பார்க்கிங்கில் நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “வுடுங்க சேகர். பாப்பா படிப்பு முடியட்டும், உங்களுக்கு கிரீன் கார்டு வரட்டும். அப்புறம் நீங்களே சொல்லிப்போடுவீங்க” என்றார். சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. சொல்லிவிடுவேன் என்று நம்பினார்.

நான்கு வருடம் கழித்து கிரீன் கார்டு வந்தது. முதல் போன் அவருக்குத்தான் போட்டேன். “சந்தோசமுங்க சேகர், ரொம்ப சந்தோசமுங்க” என்றார். அதன் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. எதற்காகப் பேசாமல் இருக்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். “டாலஸ்ல வெயில் எப்படி?” என்று கேட்டேன். அவர் வெயிலைப் பற்றிச் சொன்னார். அதன் பிறகு வந்த பொங்கலுக்கெல்லாம் அவரே கூப்பிட்டார். நான் ஊர்க்கதை எல்லாம் பேசினேன், அதை மட்டும் பேசவில்லை. அவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஊரார் காத்திருப்பை அளந்தே சம்பளம் வாங்கிய நான் அவரைக் கடைசி வரை காக்க வைத்துவிட்டேன். தன் மகளிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அந்த மண்டபத்தில்தான் தெரிந்தது.

நடந்ததை எங்கள் இயக்குநருக்கு எழுதி நேற்று அனுப்பிவிட்டேன். என்ன செய்வார்களோ செய்யட்டும்.

நிவேதா, உனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அம்மாவைப் படித்துக் காட்டச் சொல். உன் அப்பா அந்தத் தவறைச் செய்யவில்லை. செய்ய வேண்டாம் என்று என்னிடம் சொன்னவர் அவர். அவருக்குத் தெரியாமல் அவர் பெயரைப் போட்டவன் நான். இப்படி அஞ்சலி எழுதுகிறவர்கள் கடைசியில், போனவரிடமிருந்து தாங்கள் எதை எடுத்துவைத்துக்கொண்டோம் என்று சொல்வார்கள். அவருடைய நல்லவை எல்லாம் உனக்கும் உன் அம்மாவுக்கும் உரியவை, அவற்றில் பங்கு கேட்க எனக்கு முகமில்லை. என்னுடையது ஒன்று இத்தனை வருடமாக அவரிடம் இருந்தது. அந்தத் தவறை நான் எடுத்துக்கொள்கிறேன்.