பாலிஷ் பச்சையாக எரியாது

அபுதாபி முசஃபாவில் ஒரு மரச்சாமான் பட்டறையில் நான் பாலிஷ்காரன். கதவு, கட்டில், மேஜை எதுவானாலும் கடைசியில் என் கைக்குத்தான் வரும். என்.சி. லாக்கர் அடித்து மினுக்கி அனுப்புவேன். பார்க்கத் தேன் மாதிரி இருக்கும் அந்த லாக்கர் துப்பாக்கி மருந்துக்குப் பங்காளி முறை. நான் சேர்ந்த முதல் நாளே ஃபோர்மேன் தரையில் காய்ந்து கிடந்த சுரண்டலை ஒரு சிட்டிகை எடுத்து, வெளியே வைத்துக் கொளுத்திக் காட்டினார். பொசுக்கென்று போனது. சாம்பல்கூட மிஞ்சவில்லை. "தேக்கா பாய்? சிகரெட் மாஃபி" என்றார். பார்த்தாயா, இங்கே சிகரெட் கூடவே கூடாது என்று அர்த்தம்.

எனக்கு அது புதுசும் இல்லை. நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். இங்கே வருவதற்கு முன் ஐந்து வருடம் பட்டாசு ஆலையில் கை கறுத்தவன். அங்கே ஷெட்டுக்குள் போகுமுன் இடுப்பில் சாவி தொங்கினால்கூடக் கழற்றி வைக்கச் சொல்வார்கள். தெரியாதவன் செய்திருந்தால் மன்னிக்கலாம். நான் எல்லாம் தெரிந்தவன்.

கம்பெனி கேம்ப்பில் எங்கள் ரூமில் நாலு கட்டில். அந்த டிசம்பரில் இரண்டு பேர் லீவில் போயிருந்தார்கள். மிச்சம் நானும் ஓர் ஏசி மெக்கானிக்கும். கன்னியாகுமரிக் கடற்கரைப் பையன், முப்பதைத் தொடவில்லை. தலைமுடி மாதிரி ஒயரைக்கூட இரண்டு விரலில் பிடித்து முறுக்கிவிடுவான். வருடா வருடம் அட்டைப்பெட்டியை வெட்டி ஃபிரிட்ஜுக்கு மேல் கிறிஸ்துமஸ் குடில் வைப்பான். என்னை அண்ணே என்பான், என் துணியையும் சேர்த்துத் துவைப்பான்.

மெஸ்ஸில் என்னைச் சீண்டுவார்கள். பட்டாசு ஊர்க்காரர் ஒரு மத்தாப்பாவது கொளுத்திக் காட்டினாரா என்று சிரிப்பார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். புத்தாண்டுக்கு ஊர் எல்லை தாண்டி மணலில் போய்ப் பத்துப் பச்சை வெளிச்சம் விட்டுக் காட்டி, இவர்கள் வாயை அடைத்துவிட வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. இந்த ஊரில் அனுமதி இல்லாமல் வெடி செய்தால் முதலில் ஜெயில், பிறகு ஊருக்கு டிக்கெட். அதுவும் தெரியும்.

பச்சையாக எரியும் மருந்து உருண்டை உதிராமல் பிடிக்க ஊரில் மாவுப் பசை போடுவோம். காய நாள் கணக்காகும். லாக்கர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் காயும். அந்த அவசரம்தான் என் புத்தியைக் கெடுத்தது. பட்டறையிலிருந்து தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் கொண்டுவந்தேன். மற்றது எங்கே கிடைத்தது, என்ன சேர்த்தேன் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை.

அவனிடம் உண்மையைச் சொல்லவில்லை. "உன் குடில் வைக்க ஒரு பலகைக்கு பாலிஷ் போடறேன்ப்பா" என்றேன். "எனக்கா அண்ணே?" என்று சந்தோஷப்பட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சர்ச்சுக்குப் போனதும் வேலையை ஆரம்பித்தேன். வாடை வெளியே போகக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தினேன். என் கட்டிலுக்கு அடியில் பெட்டி இருந்ததால், உருண்டைகளைக் காயவைத்த தட்டை அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கை முகம் கழுவப் போனேன்.

முகத்தில் சோப்பு போட்டிருந்தபோது பாத்ரூம் வாசலில் அவன் குரல் கேட்டது.

"அண்ணே, ரூமுல ஒரே தின்னர் வாடை. கேம்ப் பாஸ் ரவுண்டு வாறாரு, கேட்டியளா?"

"எதையாவது போட்டு வாடைய அமுக்குப்பா. இந்தா வந்துர்றேன்."

கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னேன். ஏசி பார்க்கப் போன ஓர் அரபி வீட்டில் கொடுத்த பகூர் டப்பா ஒன்று அவனிடம் இருந்தது. சாம்பிராணி மாதிரி, கரித்துண்டைப் பற்றவைத்து மேலே போடுவது. ரூமில் மீன் பொரித்தால் ஒவ்வொரு தடவையும் அவன் அதைத்தான் போடுவான். அந்தப் புகையில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டிருக்கிறேன். எதைப் போடுவான் என்று எனக்குத் தெரியாதா?

பெரிய வெடிச்சத்தம் எல்லாம் இல்லை. கனமான போர்வையை ஒரு உதறு உதறியது போல இருந்தது. சோப்பு முகத்தோடு ஓடினேன். அவன் வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி வைத்திருந்தான். உள்ளே கட்டிலுக்கு அடியிலிருந்து சுவர் முழுக்கப் பச்சை வெளிச்சம். நான் வேண்டிய பச்சை அப்படியே வந்திருந்தது. என் கண் முதலில் பார்த்தது அதைத்தான். அவன் கையை அப்புறம்தான் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

கம்பெனி ஆள் ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்தான். நான் வாயைத் திறக்குமுன் கட்டுப்போட்ட கையோடு அவனே சொல்லிவிட்டான்: அண்ணன் குடில் பலகைக்கு பாலிஷ் வைத்திருந்தார், நான்தான் தெரியாமல் பகூர் பற்றவைத்தேன். ரூமில் நெருப்பு வைத்தது அவன் தப்பு என்று எழுதிக்கொண்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. ஒயர் பிடிக்க முடியாத மெக்கானிக்கை யார் வைத்துக்கொள்வார்கள்? கலாஸ், முடிந்தது என்றார்கள்; விசா கேன்சல். அவன் பெட்டியை நான்தான் கட்டினேன். புகை படிந்த குடிலை மட்டும் என்னிடமே விட்டுவிட்டுப் போனான்.

நான் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வரும். இப்போது அப்பாவோடு வலைக்கூடத்தில் இருக்கிறானாம். வழக்கமாக வாழ்த்தோடு முடித்துவிடுவான். இந்த வருடம் முடிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்னு நெடுநாளா மனசுல கெடக்கு. அன்னைக்கு ஆஸ்பத்திரில கேட்டா ஒங்களுக்குப் பிரச்சனை ஆயிரும்னு கேக்கல்ல. பாலிஷ் பச்சையாவாண்ணே எரியும்?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மூன்று தடவை போட்டுக் கேட்டேன். நான் கேட்டுவிட்டேன் என்று அவன் போனில் நீலமாகக் காட்டியிருக்கும்.