டெலிபோனில் பேசிய அத்தை

எனக்கு ஓர் அத்தை இருக்கிறாள் என்பதை ஒரு டெலிபோன் வழியாகத்தான் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு ஏழு வயது.

பசுமலைப் பக்கம் பழைய பஞ்சு குடோன் ஒன்றுக்கு வெள்ளையடித்து, அதில் ஓர் அருங்காட்சியகம் திறந்திருந்தார்கள். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த சாதாரண ஜனங்களைப் பற்றியது என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மாவுக்கு அதைப் பார்த்தாக வேண்டும். அப்பா மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அவருக்கு நிம்மதியாகத் தூங்கக் கிடைக்கும்.

"பழைய சாமானப் பாக்க பஸ் ஏறிப் போகணுமா? நம்ம வீட்டுப் பரண்ல ஏறுனா போதாதா?" என்றார்.

அம்மா எனக்குத் தலைசீவி ரிப்பன் கட்டத் தொடங்கினாள். அப்பா எழுந்து சட்டையைத் தேடினார்.

ராஜாவின் வாளும் கிரீடமும் இருக்கும் என்று நினைத்துப் போனவள் நான். அப்படி ஒன்றுமே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பஸ் கண்டக்டரின் தோல் பை இருந்தது. அதற்கு அடுத்து சினிமாக் கொட்டகை டிக்கெட்டுகள். ஒரு மூலையில் அம்மி, மண்ணெண்ணெய் ஸ்டவ், ஆணியில் தொங்கும் கரித்துணி என்று ஒரு முழுச் சமையலறையே இருந்தது. யாரோ குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்துவிட்டது போல எனக்குக் கூச்சமாகிவிட்டது. அப்பாவுக்கோ பூ எடை போடும் பித்தளைத் தராசைக் கண்டதும் தூக்கம் போய்விட்டது. "இந்தத் தராசுல மல்லிகை வாங்குனவன் செத்தான்" என்று, பக்கத்தில் நின்ற காலேஜ் பையன்களுக்கு அதன் முள் எடையில் எப்படி ஏமாற்றும் என்று காட்டி விளக்க ஆரம்பித்தார்.

நான் நழுவிப் போய்ச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்த சிவப்பு டெலிபோன்களைக் கண்டுபிடித்தேன். எடுத்தால் ஊர் ஜனங்கள் பேசுவார்கள் என்று மேலே எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்து, அதை அப்படியே நம்பினேன். முதல் போனில் ஒரு ரிக்‌ஷாக்காரர் பேசினார். "வணக்கம்" என்றேன். அவர் கண்டுகொள்ளவில்லை. அடுத்ததில் பேசிய நர்ஸம்மாவும் அப்படித்தான். அடுத்தவரைப் பேசவே விடாத ஆட்கள் போல என்று நினைத்துக்கொண்டு மூன்றாவதை எடுத்தேன். அதன் அட்டையில், 'பருத்தி எடுத்த பெண், டி. கல்லுப்பட்டி பக்கம்' என்று மட்டும் இருந்தது.

"விடியமுன்ன காட்டுக்குப் போயிருவோம். ஆத்தா செத்ததுல இருந்து எந் தம்பிய நாந்தேன் இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிவேன். பருத்தி மூட்டை மேல போட்டா அவம்பாட்டுக்குத் தூங்குவான். ஒருநா தராசுக் கொக்கி புருவத்துல கிழிச்சிருச்சு. அம்புட்டு ரத்தம். தூக்கிக்கிட்டே கல்லுப்பட்டிக்கு ஓடுனேன். தையல் போடுறப்ப அவன் அழுகல. நாந்தேன் அழுதேன்."

தம்பி இப்போது எங்கே இருக்கிறார் என்று போனுக்குள்ளேயே வேறு யாரோ கேட்டார்கள்.

"மதுரையிலதேன் இருக்கான். நல்லா இருக்கட்டும்."

என் அப்பாவின் இடது புருவத்தில் முடி முளைக்காத கோடு ஒன்று உண்டு. உலகத்தில் ஒரே மாதிரி இரண்டு பேருக்கு அடிபட்டிருக்கிறதே என்ற ஆச்சரியத்தோடு ஓடிப்போய் அவரை இழுத்துவந்தேன். "ஒங்கள மாதிரியே புருவத்துல அடிபட்டவுகளப் பத்திப் பேசுறாகப்பா."

அப்பா சிரித்துக்கொண்டேதான் போனை வாங்கினார். பிறகு சிரிக்கவில்லை. பேச்சு முடிந்ததும் போனை வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். பின்னால் ஆட்கள் காத்து நின்றார்கள். அம்மா வந்து, "என்னது?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. லைன் சரியில்ல."

"நல்லாக் கேக்குதும்மா" என்றேன் நான்.

அம்மா அவர் கையிலிருந்து வாங்கி முழுவதும் கேட்டாள். வைத்த பிறகு, "இங்கன ரோட்டுல நின்னா கல்லுப்பட்டி பஸ் வரும்" என்றாள்.

"வேணாம். அக்கா என்ன சொல்லுமோ."

"சொல்லட்டும். கேட்டுக்குவோம்."

"எந்த அக்கா?" என்று கேட்டேன்.

"ஒன் அத்தை" என்றாள் அம்மா. போனில் பேசியது என் அத்தையா? எனக்கு அத்தை இருக்கிறாளா? அப்படியானால் ஏன் ஒரு பொங்கலுக்குக்கூட வரவில்லை? கேட்டுக்கொண்டே அவர்கள் பின்னால் நடந்தேன்.

வெளியே வந்தபோது எதிர்ப்பக்கம் எங்கள் வீட்டுப் பக்கம் போகும் மாட்டுத்தாவணி பஸ் வந்து நின்றது. அப்பா அதை நோக்கி வேகமாக ரோட்டைக் கடந்தார். பாதியில் திரும்பிப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்தபடி இந்தப் பக்கமே நின்றாள். பஸ் போன பிறகு அப்பா திரும்பி வந்து எங்களோடு நின்றுகொண்டார். திருமங்கலத்தில் பஸ் நின்றபோது இறங்கி ஓடிப்போய்ச் சீனிச்சேவு வாங்கிவந்தார்.

நாங்கள் போய் நின்றபோது அத்தை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அப்பாவை ஒருதரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த சட்டையைத் திரும்பவும் பிழிந்தாள். அதில் தண்ணீரே இல்லை. 'வா' என்று சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "ஒம் மகளா?" என்றாள்.

"ஆமாக்கா."

"மெலிஞ்சு கெடக்கா."

அப்பா சேவுப் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அப்போது அம்மா முன்னால் போனாள்.

"ஒங்க மக நல்லா இருக்காகளா, மதினி?"

அத்தை அம்மாவை வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கா. சிவகாசியில குடுத்துருக்கோம். ரெண்டு பிள்ளைக." பிறகு சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, "உள்ள வா" என்றாள். அம்மாவிடம்தான் சொன்னாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

அம்மா அந்த மகளைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஆளை ஏன் முதலில் விசாரித்தாள் என்று கொஞ்சம் யோசித்தேன். சேவுப் பொட்டலம் பிரிந்ததும் யோசனை போய்விட்டது. அந்த மகள் அப்பாவுக்கென்று சின்ன வயதிலேயே பேசிவைத்த பெண் என்பதும், அப்பா அம்மாவைக் கட்டிக்கொண்டதோடு அந்த வீட்டுப் பேச்சு அறுந்தது என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் ஆயின. அன்று நான் கண்டதெல்லாம், அத்தை காப்பியை ஆற்றி ஆற்றி அம்மாவின் கையில் கொடுத்ததையும், சூடு நன்றாகக் குறைந்த பிறகும் அம்மா அதைக் குடிக்க முடியாமல் வைத்துக்கொண்டே இருந்ததையும்தான்.