சத்தமில்லாத விசிறி

என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்று எங்களுக்குத் தெரிந்தபோது அவளுக்குப் பதினான்கு மாதம். அதற்கு முந்தைய பத்து மாதங்களை வீணாக்கியது நான்தான். கணினிக்கு இரண்டு விசிறிகள் வாங்கி மாட்டிவிட்டு அந்தப் பத்து மாதமும் சந்தோஷமாக இருந்தேன்.

அப்போது விழுப்புரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை. தலைக்கு மேல் மொட்டைமாடி என்பதால் வெயில் நேராக உள்ளே இறங்கும். கணவர் தினமும் ரயிலில் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய்வருவார். நான் கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டுகளையும் பள்ளிகளின் வினாத்தாள்களையும் வீட்டிலேயே டைப் செய்து கொடுத்தேன். குழந்தை தூங்கும் நேரம்தான் என் வேலை நேரம்.

ஆனால் அவள் தூங்கவே இல்லை. காலை மடக்கி மடக்கி அழுவாள். கணினியின் பின்பக்கம் இருந்த சின்ன விசிறி விடாமல் ஊளையிடும். அழுகைக்குக் காரணம் ஊளைதான் என்று முடிவு செய்துவிட்டேன். விசிறியைக் கழற்றினாலோ கணினிப் பெட்டி சூடேறி, பாதி வினாத்தாளில் தானாக அணைந்துவிடும். சத்தமும் இருக்கக் கூடாது, காற்றும் குறையக் கூடாது. அப்படி ஒன்று வேண்டும்.

ஜுர மருந்து வாங்கினாலும் அட்டைப்பெட்டியில் உள்ள அத்தனையையும் படிப்பவள் நான். ஒரு வாரம் இணையத்தில் தேடி நோட்டில் எழுதினேன். சின்ன விசிறி வேகமாகச் சுற்றித் தள்ளுகிற காற்றைப் பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே தள்ளிவிடும். வேகம் குறைந்தால் சத்தமும் குறையும். எண்பது மில்லிமீட்டரை எடுத்துவிட்டு நூற்றிருபது போட வேண்டும். பெட்டியை ஸ்கேலால் அளந்தேன். இடம் இருந்தது.

உள்ளூர்க் கடைகளில் கிடைக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு கடையில் இருப்பதாகக் கணவர் விசாரித்து வந்தார். "நானே வாங்கிக்கினு வந்துடறேன். கைக்குழந்தைய வெச்சிக்கினு நீ எதுக்கு அலையற?" என்றார்.

"நீங்க ஓடவிட்டுக் கேக்க மாட்டீங்க. அவன் குடுத்தத வாங்கிக்கினு வந்துடுவீங்க."

நான்கு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் நடுவயதுக்காரர். பழைய பவர் சப்ளை ஒன்றில் மாட்டி ஒவ்வொரு விசிறியாக ஓடவிட்டார். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"இன்னாம்மா, ஃபேன் வாங்க வந்தியா, பாட்டு டீச்சரா நீ? இப்டி ஸ்ருதி பாக்கற?"

"பாப்பா தூங்கணுங்க."

"ஏசி வாங்கறவன்கூட இவ்ளோ கேள்வி கேக்க மாட்டான். சரி, கேட்டுக்க. இது ஸ்லீவு. புதுசுல சத்தமே வராது, எண்ணெ காஞ்சா கத்தும். இது பால் பேரிங்கு. நல்லா ஒழைக்கும், ஆனா லேசா ஒரு ரீங்காரம் இருக்கும்."

ஸ்லீவை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போய்விட்டேன். எண்ணெய் காய்ந்தால் என்ன செய்வது என்ற யோசனையில் திரும்பி வந்தேன்.

"பேஜார் புடிச்ச கஸ்டமரும்மா நீ" என்று சிரித்தபடி உள்ளேயிருந்து மூன்றாவது வகையை எடுத்தார். எண்ணெயை உள்ளே வைத்து அடைத்தது. எண்ணெய் காய்ந்தால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக, தேய்ந்துபோன பழைய விசிறி ஒன்றையும் ஓடவிட்டார். அது போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். என் தோளில் இருந்தவள் அசையவில்லை.

"பார்ரா, ராணி மாதிரி தூங்குது!"

"பஸ்ல வந்த அசதிங்க" என்றேன்.

அடைத்த எண்ணெய் வகையிலேயே இரண்டு வாங்கினேன். தகரம் அதிராமல் இருக்க, திருகாணிக்குப் பதிலாக ரப்பர் ஆணிகளும் கொடுத்தார். முன்பக்கம் ஒன்று காற்றை உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள. விசிறியின் விளிம்பில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி போட்டிருக்கும். மூன்று முறை சரிபார்த்துத்தான் மாட்டினேன்.

அந்த வாரமே அவள் தூங்க ஆரம்பித்தாள். கணினிக்குப் பக்கத்திலேயே பாயில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் டைப் செய்தேன். பெட்டி ஒருமுறைகூட அணையவில்லை. அந்த வருடங்களில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. போனதும் யூபிஎஸ் கீ கீ என்று கத்தும். அதற்கும் அவள் விழிக்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

வாடகை வாங்க வந்த கீழ்வீட்டு அக்கா சொன்னார்: "எங்கூட்டுக் கொயந்த குக்கர் விசிலுக்கே அலறுது. உம் பொண்ணு இன்னாமா தூங்கறா!"

"நல்ல ஃபேன் போட்டுட்டேன்க்கா. அமைதியா இருந்து பழகிட்டா."

அன்று மாலை உப்பும் மிளகாயும் எடுத்துக் குழந்தைக்குச் சுற்றிப் போட்டேன். அக்காவின் கண் பட்டு அந்தத் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று பயந்தேன். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் சுற்றிப் போட்டேன். எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று அப்போது தெரியவில்லை.

ஒரு வயது முடிந்தும் பேச்சு வரவில்லை. "எங்கூட்டு ஆளுங்க லேட்டாதான் பேசுவாங்க. உன் வீட்டுக்காரனே மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் நாத்தனார். நம்புவது சுலபமாக இருந்தது. நம்பினேன்.

ஒரு முற்பகல் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து தகரத்தை அறுப்பதுபோல ஒரு சத்தம். கணினிப் பெட்டிக்குள் ஒயர் ஒன்று நழுவி விசிறியின் இறக்கையில் உரசிக்கொண்டிருந்தது. குழந்தை பயந்து அலறுவாள் என்று ஓடினேன்.

அவள் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். துணி கிளிப்புகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்தே எட்டி யூபிஎஸ்ஸின் சுவிட்சை அணைத்தேன். அந்த அமைதியில் மறுபடியும் கூப்பிட்டுக் கையைத் தட்டினேன். தரையில் என் நிழல் ஆடியதைப் பார்த்துவிட்டுத் திரும்பிச் சிரித்தாள்.

பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனையில் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் பிறவியிலேயே கேட்கவில்லை. "சத்தத்துக்கு முழிக்கறாளான்னு நீங்க கவனிக்கலையா?" என்று டாக்டரம்மா கேட்டார். விசிறியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த அழுகை வயித்து வலியா இருந்திருக்கும். பொறந்து மூணு நாலு மாசத்துல அது தானா நின்னுடும்" என்றார். பிறகு, "இன்னும் முன்னாடியே வந்திருக்கலாம். பரவால்ல, இப்பவும் செய்யறதுக்கு நிறைய இருக்குது" என்றார். முதல் பாதி மட்டும்தான் என்னோடு வந்தது.

திரும்பும் பஸ்ஸில் குழந்தை கணவர் மடியில் தூங்கிப்போனாள். கோலியனூரில் கூட்டம் இறங்கிய பிறகு மெதுவாகக் கேட்டேன்: "அந்தப் பழைய ஃபேனையே விட்டிருந்தா நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமாங்க? அந்தச் சத்தத்துல தூங்கறாளேன்னு தோணியிருக்கும் இல்ல?"

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நானுந்தானே அந்த வீட்ல இருந்தேன்" என்றார்.

டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் நான் அவள் இமைகளைப் பார்த்தேன். விழுப்புரம் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன்.