கடையில் தூங்கும், ஆபீசில் தூங்காது

லேப்டாப் ரிப்பேர் பார்ப்பவனை ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அவனும் யாரையாவது நம்பினால் தொழில் நடக்காது. தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நான் கடை போட்டிருந்த காலத்தில் கரண்ட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அதனால் எல்லோரும் ஹைபர்னேட் வேண்டும் என்பார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். திறந்திருக்கும் வேலையையெல்லாம் மெஷின் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஓரமாக எழுதி வைத்துவிட்டு அணைந்துகொள்ளும். மறுபடி ஆன் செய்தால் விட்ட இடத்திலேயே வந்து நிற்கும். காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் சிஸ்டத்தில் அந்த ஓரத்துக்கு ஸ்வாப் என்று பெயர். வந்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. நின்றதா இல்லையா என்பதை அந்த நாளில் லினக்ஸ் வைத்துக்கொண்டு சீரழிந்தவர்களைக் கேளுங்கள்.

நெயில் பாலிஷ்

எழுமலையிலிருந்து ஒரு உரக்கடைக்காரர் மஞ்சப்பையில் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். தூங்கப் போகிறது, எழுந்தால் பழையது ஒன்றும் இல்லாமல் புதுசாக ஆரம்பிக்கிறது என்றார். திருப்பிப் பார்த்தேன். அடியில் இருந்த ஸ்குரு ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நெயில் பாலிஷ் பூசியிருந்தது. நான் கழற்றினால் அது பெயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே இருக்கும் நல்ல ராம் மெமரியை உருவிக்கொண்டு மட்டமானதை மாட்டிவிடுவேனாம்.

எழுந்தவுடன் எந்த ஓரத்தில் போய்த் தேடுவது என்று அந்த மெஷினுக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. நெயில் பாலிஷ் அப்படியே இருப்பதைக் காட்டி, பெருமையாகக் கையில் கொடுத்தேன். மனிதர் முகம் இன்னும் சுருங்கியது.

"ஒரு ஸ்குருவக் கூடக் கழட்டல. அப்ப என்னத்த ரிப்பேர் பாத்தீக?"

சும்மா கொடுக்கிறவன்

உரக்கடைக்காரர் ஒரு நாள் தலைவலி. ஒரு சிவில் வக்கீல் எனக்கு மாதக்கணக்கில் வாய்த்தார். திருட்டு சிடி போட்டால் ரெய்டு வரும் என்று பயந்து லினக்ஸ் போடச் சொன்னவர் அவர்தான். போட்டு முடித்ததும், "ஒருத்தன் சும்மா குடுக்கிறான்னா பின்னால எதையோ எடுக்கப் போறான்னு அர்த்தம் தம்பி" என்றார்.

அவருடைய புகார் இது. காலையில் ஹைபர்னேட் செய்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போகிறார். கோர்ட்டில் களவு போகும் என்று லேப்டாப்பை ஆபீசிலேயே வைத்துவிடுகிறார். சாயந்திரம் வந்து ஆன் செய்தால் திறந்து வைத்தது ஒன்றும் இல்லை. இடையில் ஆபீசில் இருப்பது டைப் அடிக்கும் ஸ்டெல்லா மட்டும். அவருக்குத் தனிக் கம்ப்யூட்டர் உண்டு. மிஷன் ஸ்கூலில் படித்தவர், பல வருஷமாக அங்கே வேலை, அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு பேர். பாஸ்வேர்டு இருக்கிறதே சார் என்றேன். விரல் போகிற இடத்தை ஓரக்கண்ணால் பார்த்திருப்பாளாம்.

"எதிர்த்தரப்புக்கு நம்ம பேப்பர் போகுது தம்பி. இந்த வாரத்துக்குள்ள கண்டுபிடிச்சுக் குடுங்க. இல்லேன்னா அந்தம்மாவ அனுப்பிருவேன்."

கடையில் சமர்த்து

மெஷினைக் கடைக்கு வரவழைத்தேன். தூங்கப் போட்டேன், எழுப்பினேன். ஒரு முறை கூடத் தவறவில்லை. எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் சாயந்திரம் போன் வந்தது, எல்லாம் போச்சு என்று. மெஷின் மறுபடி வந்தது, மறுபடி கடையில் சமர்த்தாகத் தூங்கியது.

எனக்கும் சந்தேகம் தட்டியது. என்னிடம் வரும்போதெல்லாம் திரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், ஒன்றுமே திறந்திருக்காது. ஆபீசில் என்னென்ன திறந்து வைக்கிறீர்கள் என்று கேட்டால், "சாதாரண வேலைதான்" என்று ஜன்னலைப் பார்ப்பார். பலான படமாக இருக்குமோ என்று நினைத்தேன். அந்த வயதில் அதுவும் நடக்கிற கதைதான். அவரோ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க கடையில தூங்குது, என் ஆபீஸ்ல தூங்கல. அங்க ஒரு ஆள் கை வைக்குதுங்கிறதுக்கு இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

வீட்டு பாஷை

சரி, ஆபீசுக்கே போவோம் என்று போனேன். ஸ்டெல்லா தலை நிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருந்தார். வக்கீல் உள்ளே போய் எல்லாவற்றையும் மூடிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்து என் மனைவி போன் செய்தாள். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம், வக்கீலுக்குப் புரியாது. கொத்தமல்லி வாங்கி வா என்றாள், போன வாரம் புதினா வாங்கிப்போய்ப் பட்ட பாட்டை நினைத்துச் சிரித்துவிட்டேன். என்ன விஷயம் என்றார் வக்கீல், சொன்னேன். "கொத்தமல்லிக்கு எதுக்கு என்னயப் பாத்துச் சிரிச்சீங்க?" என்று அவர் கேட்டார். நானும் ஸ்டெல்லாவும் கூட்டோ என்கிற யோசனை அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

ஸ்டெல்லா எழுந்து வந்தார். "அந்த மேசையத் துடைக்கக்கூட நான் கிட்டப் போறதில்ல சார். தூசி எம்புட்டுக் கெடக்குன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வக்கீலைத் திரும்பிப் பார்த்தேன்.

"தூசியக் கலைக்காம தொடத் தெரியாதா என்ன?"

அன்டைட்டில்டு

வாரக் கடைசியில் போனபோது ஸ்டெல்லா தன் மேசையைக் காலி செய்து பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. "சார், கதவச் சாத்துங்க. கோர்ட்டுக்குப் போறப்ப எப்படி விடுவீங்களோ அப்படியே என் முன்னால விடுங்க. என்ன தொறந்திருந்தாலும் நான் வெளிய சொல்ல மாட்டேன்" என்றேன். கதவைச் சாத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார்.

பலான படம் இல்லை. பிராது, எதிர்மனு, நோட்டீஸ், ஸ்கேன் செய்த பத்திரம் என்று திரை கொள்ளாமல் ஜன்னல்கள். டைப் செய்தது எல்லாவற்றுக்கும் பெயர் அன்டைட்டில்டு, அதாவது பெயரே வைக்கவில்லை. ஒன்றைக்கூடச் சேவ் செய்யவில்லை. ஏன் சார் என்றேன். "சேவ் பண்ணா ஒரு எடத்துல போய் உக்காந்துக்கும், எவனும் தொறந்து படிச்சுருவான். சேவ் பண்ணலேன்னா அது எங்கயுமே இல்லேல்ல?" என்றார். ஆன் செய்ததும் போனதை மீட்கவா என்று திரையில் ஒரு பெட்டி வந்து கேட்குமே என்றதற்கு, அது எவனோ வைத்த பொறி என்று மூடிவிடுவாராம்.

ஹைபர்னேட் கொடுக்கச் சொன்னேன். துணி அதிகம், பெட்டி சின்னது. அத்தனையையும் எழுதி வைக்க ஸ்வாப்பில் இடமில்லை. கடைக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டுக் கொண்டுவந்ததால் அங்கே இடம் போதியிருக்கிறது. மெஷின் கொஞ்சம் திணறிவிட்டு மறுபடி கண்ணை விழித்துக்கொண்டது. வழக்கமாக அவர் இதைப் பார்ப்பதே இல்லை. பட்டனை அழுத்தி, மூடியைச் சாத்தி, வேறு யாரும் ஓட்டிவிடக் கூடாதென்று அடாப்டரையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். விழித்தே கிடக்கும் மெஷின் பேட்டரி தீர்ந்து தானாக அணைந்துவிடும். மூன்று முறை செய்துகாட்டினேன். அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆளில்லை என்பதை அவரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

ஸ்வாப்பைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஸ்டெல்லாவின் வேலை தப்பியது என்று எனக்குச் சந்தோஷம். வக்கீல் கதவைத் திறந்து, மன்னிப்பெல்லாம் கேட்காமல், "பைய வச்சிட்டு உக்காரும்மா, டைப் அடிக்க நெறய இருக்கு. மெஷின்லதான் கோளாறாம்" என்றார். ஸ்டெல்லா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"தொடலேன்னு நான் சொன்னப்ப நம்பல, மெஷின் சொன்னதும் நம்பிட்டீங்க. இனி அந்த மெஷினையே டைப் அடிக்கச் சொல்லுங்க சார், நான் வாரேன்."

அடுத்த தெருவில் வேறொரு வக்கீலிடம் அவருக்கு அந்த மாதமே வேலை கிடைத்துவிட்டது. இங்கே லேப்டாப் அருமையாகத் தூங்கி எழுகிறது, சந்தேகப்படத்தான் ஆபீசில் ஆள் இல்லை என்று நம்ம வக்கீல் அடிக்கடி எனக்குப் போன் செய்வார்.