முடுக்கிவிட மறுத்த டாக்டர்

வெள்ளிக்கிழமை காலை சாமி படங்களுக்குப் பூச்சரம் சாத்திக்கொண்டிருந்தேன். தல்லாகுளம் பல் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் செல்வி போன் செய்தார். திங்கட்கிழமை நான் பல்லைக் காட்டப் போக வேண்டியதை நினைவுபடுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். "வர வேணாம்மா. சார் தவறிட்டாரு" என்றார். முந்தின இரவு ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டு வண்டியை எடுக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாராம். எந்தப் படத்துக்குப் பூ வைத்தேன், எதற்கு வைக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் தவமணி பரவைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில், கூலி வேலைக்குப் போன பெற்றோருக்குப் பிறந்தவர். ஐம்பதைத் தாண்டி அதிகம் ஆகவில்லை. சர்க்கரை நோயில் என் கீழ்ப்பல் முழுவதும் போனபோது அவரிடம் போனேன். தாடை எலும்பில் பல்லின் வேர்போல ஐந்து உலோக இம்பிளாண்ட் பதித்தார். அவற்றின் மேல் ஒரே துண்டாக ஓர் உலோக ஃப்ரேம் உட்கார வேண்டும். பற்கள் அதில்தான் இருக்கும்.

ஃப்ரேம் லேப்பிலிருந்து வந்தது. வாயில் வைத்து ஒரு கோடியில் இருந்த ஸ்க்ரூவை மட்டும் முடுக்கினார். குனிந்து மறு கோடியைப் பார்த்தார். தலைமயிர் அளவுக்கு அது தூக்கிக்கொண்டு நின்றதாம். கழற்றி, என் கண் முன்னாலேயே இரண்டாக வெட்டினார். வெட்டிய துண்டுகளை வாயில் வைத்துச் சிவப்புப் பசையால் இணைத்து, பற்றவைக்க மறுபடி லேப்புக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோதும் உட்காரவில்லை. மறுபடி வெட்டினார்.

மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்து முடித்திருந்தேன். இப்போதைக்கு முடுக்கிவிடுங்கள், கல்யாணம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று கெஞ்சினேன்.

"அம்புட்டு ஸ்க்ரூவையும் முடுக்குனா எதுவும் பொருந்துன மாதிரிதாம்மா தெரியும்" என்றார். "இழுத்துப் பிடிக்கிற பிடிய எலும்பு வாங்கும். இன்னிக்குத் தெரியாது."

நான் கணக்கெழுதும் வேலையில் இருந்தவள். கணக்கு உதைக்கும்போது ஏதோ ஒரு செலவை எழுதிச் சரிக்கட்டுவது என் கைக்கு ஆகாத வேலை. ஆகவே அவர் சொன்னது புரிந்தது. மனசுதான் கேட்கவில்லை. கண்ணீர் விட்டேன். அப்போதுதான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து தன் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார்.

தொழில் தொடங்கிய புதிது. தங்கை கல்யாணப் பந்தியில் தகப்பனார் பல்லோடு உட்கார வேண்டும் என்ற ஆசையில், சரியாக உட்காராத ஃப்ரேமை முடுக்கிவிட்டிருக்கிறார். பிறகு எப்போது கேட்டாலும் "நல்லாருக்குப்பா" என்பாராம் பெரியவர். ஒரு நாள் அம்மாதான் சொல்லியிருக்கிறார், மனுசன் சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார் என்று. கழற்றிப் பார்த்தால் இம்பிளாண்ட் ஆடுகிறது, சுற்றி எலும்பு இல்லை.

"வலிக்குதுன்னு சொன்னா மகன் தொழிலுக்குக் கேவலம்னு பொறுத்துருக்காரு எங்கய்யா. சாகுற வரைக்கும் கறி மெல்லல. அதுக்கப்புறம் நான் யாருக்கும் முடுக்கிவிடுறதில்லம்மா."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் கல்யாணத்தில் நின்றேன். "என்ன மதினி, மருமக வரவும் வாயக் கட்டிட்டீகளா?" என்று சம்பந்தியம்மா கேட்டதற்கு மண்டபமே சிரித்தது. டாக்டர் மேல் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

கல்யாணம் முடிந்து போனபோது ஒரு ஸ்க்ரூவை முடுக்கினார். மறு கோடி அசையவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மற்றவற்றையும் மெதுவாகப் போட்டுவிட்டு, "எந்திரிங்கம்மா, போய்ச் சாப்பிடுங்க" என்றார். பாராட்டை வாங்கிக்கொள்ள நிற்கவில்லை, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். அன்று முதல் இன்று வரை ஒரு வலி இல்லை.

அவர் காரியத்துக்கு ஊருக்குப் போயிருந்தோம். சிம்மக்கல்லில் கடை வைத்திருந்து நொடித்துப்போன பெரியவர் ஒருவர், டாக்டரின் மனைவி எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். மேல்வாயிலும் கீழ்வாயிலும் பல் கிடையாது. பேசும்போது கீழ் ஈறில் இம்பிளாண்ட் முனைகள் மட்டும் மின்னின.

"தாயி, எம் ஃப்ரேம வெட்டிப் போட்டபடியே போயிட்டாரே. இனி யார் அத ஒட்டுவா?"

அந்த அம்மாள் பள்ளிக்கூடத்து டீச்சர். அவருக்கு என்ன தெரியும்? வேறு டாக்டரிடம் போகவில்லையா என்று நான்தான் கேட்டேன்.

"போனேன் தாயி. ஒட்டி முடுக்கிவிட்ருவோம்னாரு. ஒத்த ஸ்க்ரூவ மட்டும் முடுக்கிப் பாருங்கன்னேன். எனக்கே பாடமான்னு ஏசிட்டாரு. எந்திருச்சு வந்துட்டேன்."

அவருடைய போன் நம்பரை வாங்கி வந்திருக்கிறேன். தெரிந்த இடமெல்லாம் விசாரிக்கிறேன். புதிதாக அளவெடுத்துச் செய்யலாம் என்கிறார்கள். அதற்கு அவரிடம் வழியில்லை. பழையதை வாங்கி மறுபடி வெட்டிப் பொருத்தப் பொறுமையுள்ளவர் இதுவரை கிடைக்கவில்லை.

விளக்கேற்றி மீனாட்சியிடம் உங்கள் பெயரைச் சொல்கிறேன் டாக்டர். நிம்மதியாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெரியவர் இன்னும் வெறும் வாயோடு இருக்கிறார். நான் தேடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் போய் வாருங்கள்.